காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் அடித்த பெயிண்ட் ஏன் உரிகிறது?

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பழைய கார் ஒன்று. உள்ளே வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்த பிளாஸ்டிக் பாகங்கள் கீறியும் மங்கியும் போய்விட்டன. எல்லாவற்றையும் கருப்பாக்கிவிட ஆசைப்பட்டு, நடு கன்சோலின் ஒரு துண்டைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, சாதாரணக் கருப்பு ஸ்ப்ரே கேன் ஒன்றை வாங்கி அடித்திருக்கிறார். முதலில் புதிது போலவே இருந்ததாம். கொஞ்ச நாளில் சாவி உரசிய இடத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. இப்போது நகத்தால் இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வருகிறது. "எந்த பிராண்டு வாங்கினால் உரியாது, பெயிண்டுக்கு அடியில் பிரைமர் கட்டாயமா?" என்று கேட்கிறார்.

பெயிண்ட் உரிந்த விதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. மட்டமான பெயிண்ட் என்றால் பொடிப்பொடியாக உதிரும், இல்லை வெடிப்பு விடும், இல்லை லேசாகத் தேய்த்தாலே தழும்பு விழும். தாள் தாளாக முழுசாக உரிகிறது என்றால் பெயிண்டுக்குள் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, பிளாஸ்டிக்கோடுதான் அது சேரவே இல்லை. அதனால் இதைவிட விலை கூடிய கேனை வாங்கி அதே மாதிரி அடித்தாலும் அதேதான் நடக்கும். பெயிண்ட், பூச்சு பற்றி முறையாகப் படித்துவிட்டு வண்டிப் பெயிண்ட் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். அந்தத் துண்டு என்ன பிளாஸ்டிக்? அதன் மேல் இத்தனை வருடத்தில் என்னென்ன தடவியிருக்கிறது?

முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தத் துண்டின் முதுகிலேயே இருக்கும். கழற்றித் திருப்பிப் பார்த்தால் அம்புக்குறி போன்ற இரண்டு அடைப்புகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சில் வார்த்திருப்பார்கள். ஐஎஸ்ஓ 11469 என்ற தரமுறைப்படி, மறுசுழற்சிக்காகப் போடும் அடையாளம் அது. பிபி என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். பிபி-க்குப் பின்னால் டிடி20 மாதிரி ஏதாவது இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் கல்பொடி கலந்தது. ஏபிஎஸ், பிசி பிளஸ் ஏபிஎஸ் என்றும் வரும். ஏபிஎஸ் வேறொரு வகைப் பிளாஸ்டிக், பிசி என்றால் பாலிகார்பனேட். பிஏ6 என்றால் நைலான். கதவுக் கைப்பிடிகளில் பார்க்கலாம். கதவின் உள்பலகை, ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூண்களின் உறை, கன்சோலின் கீழ்ப்பகுதி எல்லாம் பெரும்பாலும் பிபி வகை. ஏசி வென்ட், ஸ்டீரியோவைச் சுற்றி வரும் சட்டம், பளபளப்பான அலங்காரப் பட்டைகள் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பிசி கலந்த ஏபிஎஸ். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெயிண்ட் வாங்கப் போக வேண்டாம். ஒரே காரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுகள் வேறு வேறு பிளாஸ்டிக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சுத்தமான பிபி தண்ணீரைவிட லேசு, மிதக்கும். ஏபிஎஸ் மூழ்கும். ஆனால் டால்க் 20 பங்கு சேர்ந்த பிபியின் அடர்த்தி 1.04 பக்கம் போய்விடும், அதுவும் மூழ்கும். அதனால் மிதந்தால் அது பிபி குடும்பம் என்று நம்பலாம். மூழ்கினால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. நெருப்பில் காட்டி வாசனை பார்ப்பது, ஊசியைச் சூடாக்கிக் குத்துவது எல்லாம் எனக்குப் பிடிக்காத வழிகள். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதில்லை, துண்டும் கெடும். சந்தேகம் என்றால் அதைப் பிபி என்றே வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். பிபிக்கான முறையை ஏபிஎஸ்ஸில் செய்தால் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். ஏபிஎஸ்ஸுக்கான முறையைப் பிபியில் செய்தால் இப்போது உங்கள் கையில் இருக்கும் நிலைமைதான்.

பிபி ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவி ஒட்ட வேண்டும் என்றால் அந்தப் பரப்பும் அதை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த இழுக்கும் குணத்துக்கு மேற்பரப்பு ஆற்றல் என்று பெயர். பிபிக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். ஏபிஎஸ்ஸுக்கு 40-ஐ ஒட்டி வரும். எண்ணில் வித்தியாசம் கொஞ்சம்தான், நடைமுறையில் அது மிகப் பெரிசு. பிபி கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி. பெயிண்ட் பிடித்துக்கொள்ள அதில் வேதிக் கொக்கி எதுவும் இல்லை. சாதாரணத் தின்னரும் அதை இளக்காது. ஏபிஎஸ்ஸில் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் மேல்தோலை லேசாக இளக்கி, பெயிண்ட் கொஞ்சம் உள்ளே இறங்கிக் கலந்துவிடுகிறது. பிபியில் பெயிண்ட் மேலே படுத்துக் காய்கிறது. தொழிற்சாலையில் பிபி பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் வாயு நெருப்பை நொடி நேரம் பரப்பின் மேல் ஓட்டுவார்கள், அல்லது மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவைக் காட்டுவார்கள். இரண்டுமே பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த கொக்கிகளை உண்டாக்குகின்றன. வீட்டில் கேஸ் டார்ச்சை வைத்து இதைச் செய்யும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய டிரிம் துண்டு வளைந்து போகாமல் அதைச் செய்யக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நமக்குள்ள வழி அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் ஒட்டுதல் பூச்சு. பிளாஸ்டிக் பிரைமர் என்ற பெயரிலும் விற்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரில் இருப்பதெல்லாம் இது இல்லை. கேனின் மேல் பிபி அல்லது டிபிஓ-வுக்கு (பிபியோடு ரப்பர் சேர்ந்த வகை) ஏற்றது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பிபிக்கானவற்றில் பொதுவாக இருப்பது குளோரின் சேர்த்த பாலியோலிஃபின். அதன் ஒரு பக்கம் பிபியின் சாதி என்பதால் கரைப்பானின் உதவியோடு பிளாஸ்டிக்கின் மேல்தோலில் பின்னிக்கொள்கிறது. குளோரின் சேர்ந்த பக்கம் பெயிண்டைப் பிடிக்கிறது. ஆகவே பிரைமர் கட்டாயமா என்ற கேள்விக்கு என் பதில்: பிபி என்றால் புரமோட்டர் கட்டாயம். ஏபிஎஸ் சுத்தமாகவும் நன்றாகச் சுரசுரப்பாக்கியும் இருந்தால், பிளாஸ்டிக்குக்கான பெயிண்டை நேரடியாகவே அடிக்கலாம். கீறல் நிரப்பும் சாம்பல் நிற பில்லர் பிரைமர் வேறு விஷயம். அது மேடுபள்ளத்தை மறைக்க மட்டும்தான், ஒட்டுதலுக்கு அல்ல. வெறும் பிபி மேல் அதை அடித்தால் அதுவும் பெயிண்டோடு சேர்ந்து உரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு நல்ல புரமோட்டராக இருந்தாலும் அதைத் தோற்கடிப்பது டேஷ்போர்டு பாலிஷ். பளபளப்பு தரும் அந்த ஸ்ப்ரேக்களில் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. வருடக்கணக்கில் தடவியிருந்தால் அது கதவுப் பலகையின் தோல் போன்ற வரிவடிவக் குழிகளுக்குள் எல்லாம் இறங்கியிருக்கும். சிலிக்கான் இருக்கும் இடத்தில் ஈரப் பெயிண்ட் விலகிப் போய் வட்டவட்டமாகக் குழி விழும். பெயிண்டர்கள் பிஷ் ஐ என்பார்கள். குழி விழாவிட்டாலும் ஒட்டுதல் குறையும். இங்கே வரிசை முக்கியம். முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் உப்புத்தாள். அழுக்கோடு தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றுகிறீர்கள். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் குழிகளுக்குள் போகிற மாதிரி தேய்த்துக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அல்லது பிளாஸ்டிக்குக்கான மெழுகு நீக்கி. ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு சுத்தமான உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியேறாது. துணியை அடிக்கடி மாற்றுங்கள். கேட்டவர் "நன்றாகத் துடைத்தேன்" என்கிறார். என் சந்தேகம் இங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

அசிட்டோன், லேக்கர் தின்னர், பெட்ரோல் இவற்றைத் துடைக்கப் பயன்படுத்தாதீர்கள். பிபி தாங்கிக்கொள்ளும். ஏபிஎஸ் பிசுபிசுவென்று இளகும். பாலிகார்பனேட் கலந்த துண்டு அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்துவிட்டு, திருகு இறுகும் இடத்திலும் கிளிப் மூலையிலும் பிறகு மயிரிழை வெடிப்பு விடும்.

இன்னொரு பொறி உண்டு. பெயிண்ட் வேலையில் ஒரு பரப்பு சுத்தமா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. இரும்புத் தகட்டுக்கும் பழைய பெயிண்டுக்கும் இது சரியான சோதனை. வெறும் பிபியில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். இதை வைத்துக்கொண்டு கழுவிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சில கார்களில் ஸ்விட்சுகளைச் சுற்றியும் கைப்பிடியிலும் ரப்பர் மாதிரி மென்மையான பூச்சு ஒன்று இருக்கும். அது பாலியூரித்தேன் பூச்சு. வருடங்கள் போகப்போக ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து ஒட்டும் பிசினாக மாறிவிடும். அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் போர்த்தி வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அலுப்பான வேலை, குறுக்கு வழி கிடையாது. சில சமயம் அதை எடுத்ததும் அடியில் இருக்கும் கருப்புப் பிளாஸ்டிக்கே அழகாக இருக்கும், பெயிண்டே தேவைப்படாது.

இப்போது தேய்ப்பது. வழவழப்பான துண்டு என்றால் 600 அல்லது 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு போட்டு, பளபளப்பு போகும் வரை ஒரே சீராகத் தேய்த்தால் போதும். தோல் போன்ற வரிவடிவம் உள்ள துண்டுதான் சிக்கல். உப்புத்தாள் மேட்டை மட்டும் தேய்க்கும், பள்ளத்தைத் தொடாது. மேடு தேய்ந்த இடம் பெயிண்டுக்குப் பிறகு வழுக்கைத் திட்டாகப் பளிச்சென்று தெரியும். இங்கே சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் நார்ப்பட்டையையும், கிடைத்தால் தேய்க்கும் பேஸ்டையும் எடுத்து நைலான் பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் சுழற்றித் தேய்க்க வேண்டும். ஆழமான கீறல் இருந்தால் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: வரிவடிவத்தின் நடுவே விழுந்த கீறலை மறைய வைப்பது கிட்டத்தட்ட முடியாது. பட்டி வைத்துத் தேய்த்தால் கீறல் போகும், அந்த இடத்தில் வரிவடிவமும் போகும். துண்டு முழுவதையும் மொட்டையாகத் தேய்த்து வழவழப்பாக்குவது ஒரு வழி. டெக்ஸ்சர் பெயிண்ட் அடிப்பது இன்னொன்று, ஆனால் அது பக்கத்துத் துண்டுகளின் வடிவத்தோடு பொருந்தாது. மூன்றாவது வழி, அதே துண்டைப் பழைய வண்டியிலிருந்து கழற்றியதாக வாங்குவது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், ஆழக் கீறல் என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். பட்டியே வைப்பதானாலும் வளையும் பிளாஸ்டிக்குக்கான பட்டி வேண்டும், அதற்கு அடியிலும் பிபி என்றால் புரமோட்டர் வேண்டும்.

வரிவடிவம் உள்ள பிபியைத் தேய்க்கவே கூடாது, புரமோட்டர் மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. சில தயாரிப்பாளர்களே அப்படி எழுதுகிறார்கள். இதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். லேசாகத் தேய்த்தவை என் கையில் நன்றாக நின்றிருக்கின்றன. தேய்க்காமல் நன்றாக நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பிபியை முரட்டு உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. அது ஏபிஎஸ் மாதிரி மாவாகத் தேயாமல் நார் நாராக எழும்பி, பெயிண்டுக்கு மேல் முடி முளைத்த மாதிரி நிற்கும்.

புரமோட்டரை அடிக்கும்போது பலரும் செய்வது, நல்லதுதானே என்று கெட்டியாக அடிப்பது. அது மெல்லிய படலமாக இருந்தால்தான் வேலை செய்யும். தடித்தால் அந்த அடுக்கே நடுவில் பிளந்து, மேலே இருக்கும் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். லேசாக ஒன்று அல்லது இரண்டு கோட் போதும். அதன் மேல் எத்தனை நிமிடத்துக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது கேனில் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது வேறு என்பதால் நான் எண் சொல்லவில்லை. கேனில் இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். புரமோட்டரைத் தேய்க்கக் கூடாது. விரலால் தொட்டும் பார்க்கக் கூடாது.

நிறத்துக்கு, வினைல் மற்றும் பிளாஸ்டிக்குக்கு என்று வரும் வளையும் தன்மையுள்ள மேட் பெயிண்ட் ஏற்றது. கடினமாகக் காயும் பொதுவான எனாமல் இதற்கு வேண்டாம். துண்டு வளையும்போது அது வளையாது, காயவும் நாளாகும். கேனை உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். மேட் பெயிண்டில் மினுப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். சரியாகக் குலுக்காத கேன் ஒரு பக்கம் மேட்டாகவும் மறுபக்கம் மினுப்பாகவும் அடிக்கும். சுமார் 20 சென்டிமீட்டர் தூரம் வைத்து, துண்டுக்கு வெளியிலேயே பொத்தானை அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் துண்டைத் தாண்டிய பிறகு பொத்தானை விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். முதல் கோட்டில் அடியில் இருக்கும் நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் அதிகம் அடித்துவிட்டீர்கள். மூன்று நான்கு மெல்லிய கோட் போட்டால் வரிவடிவம் அப்படியே நிற்கும், ஒரே தடித்த கோட்டில் அது மூழ்கிவிடும். தூரம் கூடிப்போனால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து சொரசொரவென்று உட்காரும். மழை நாளில், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்தால் லேக்கர் வகைப் பெயிண்ட் வெளிறிப் போகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். வெயிலில் சூடேறிய துண்டின் மேலும் அடிக்க வேண்டாம். தேய்த்த பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறித் தூசியை இழுக்கும் என்பதால், புரமோட்டருக்கு முன் கடைசியாக ஒருமுறை ஆல்கஹால் நனைத்த துணியால் லேசாக ஒற்றிவிட்டு உடனே ஆரம்பியுங்கள்.

நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கை அடிக்கடி படும் இடங்களுக்கு ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கூறு கிளியர்தான் உழைக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே இழுப்பைக் கிளப்பும். அதற்கு வாசனை எச்சரிக்கையும் இல்லை. சாதாரண முகக்கவசம் போதாது, வெளியிலிருந்து காற்று தரும் கவசம் போட்டுத்தான் தொழில்முறைப் பெயிண்டர்கள் அடிக்கிறார்கள். அடியில் பொத்தானை அமுக்கி உடைத்துக் கலக்கும் ஸ்ப்ரே கேனும் இதே வகைதான். கேனில் வருகிறது என்பதால் பாதுகாப்பானது ஆகிவிடாது. வீட்டில் செய்பவர் ஒற்றைக் கூறு மேட் கிளியரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது அந்த இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் பெயிண்ட் பூத்தில் கொடுத்து அடித்து வாங்கலாம். ஒற்றைக் கூறு பெயிண்டுக்கும் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி உள்ள கவசமும் திறந்த வெளியும் வேண்டும். காருக்குள் உட்கார்ந்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கிற வேலையே வேண்டாம்.

எதை அடிக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஏர்பேக் மூடிகளைத் தொடாதீர்கள். ஸ்டீரிங்கின் நடுப்பகுதி, பயணி பக்கத்து டேஷ்போர்டு, எஸ்ஆர்எஸ் அல்லது ஏர்பேக் என்று எழுதிய எந்தத் துண்டும் இதில் அடங்கும். அந்த மூடிகள் குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும் என்று பின்பக்கம் மெலிதாக்கப்பட்டவை; பல டேஷ்போர்டுகளில் அந்தக் கோடு முன்னால் தெரியவே தெரியாது. கரைப்பானும் கூடுதல் படலமும் அது கிழியும் விதத்தை மாற்றக்கூடும். மாற்றியதா இல்லையா என்பது விபத்தில்தான் தெரியவரும். தூண் உறைகளுக்குப் பின்னால் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்த உறைகளைக் கழற்றுவதற்கே தனி முறை இருக்கிறது. சிலவற்றில் கயிறு போல இழுத்துப் பிடிக்கும் கிளிப் ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டியது. ஏர்பேக் பக்கத்தில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர்தான் என்று நினைவிருக்கட்டும். டேஷ்போர்டின் மேல்புறத்தை வெளிர் நிறத்திலோ பளபளப்பாகவோ மாற்றக் கூடாது. அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும். இரவில் எழுத்து ஒளிரும் பொத்தான்கள், சீட் பெல்ட் பட்டை, பெல்ட் ஓடும் பள்ளம், கிளிப்பும் லாக்கும் வரும் இடங்கள் இவற்றையும் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். கிளிப்பில் பெயிண்ட் ஏறினால் துண்டு சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் ஓடும்போது கிரீச் கிரீச் என்று கத்தும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதும் உண்மையில் காய்வதும் ஒன்றில்லை. மாலையே மாட்டிவிடத் தோன்றும். குறைந்தது சில நாட்கள் காற்றோட்டத்தில் வெளியே வையுங்கள், பெயிண்ட் வாசனை முழுக்கப் போகும்வரை. மூடிய காருக்குள் மிச்சக் கரைப்பான் கண்ணாடியில் புகைப்படலமாகப் படியும். உங்கள் மூச்சுக்கும் அது ஆகாது. வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2018-ல் வெளியான அரிசோனா ஆய்வு ஒன்றில், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் இருந்தது. சரியாகக் காயாத லேக்கர் அந்தச் சூட்டில் இளகி, மேலே வைத்த போனின் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். துண்டின் முதுகில் ஒரு மூலையையும் முன்பக்கம் மாதிரியே தயார் செய்து, கூடவே பெயிண்ட் அடித்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கூர்மையான பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடும் குறுக்கே ஆறு கோடும் கிழித்து, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 2409 சோதனையின் வீட்டு வடிவம் இது. கோட்டோரத்தில் துகள் மட்டும் வந்தால் நல்லது. கட்டம் கட்டமாக வந்தால் அந்தத் துண்டை மாட்ட வேண்டாம், தயாரிப்பு முறையைத் திரும்பப் பாருங்கள். முழுக் காரையும் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு சின்னத் துண்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் பெயிண்டையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறார்கள்.

எவ்வளவு நாள் உழைக்கும் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. தூண் உறை, கதவின் மேல்பகுதி போன்ற கை படாத இடங்களில் சரியாக அடித்த பெயிண்ட் வருடக்கணக்கில் நிற்கிறது. கதவு இழுக்கும் கைப்பிடி, கியரைச் சுற்றியுள்ள துண்டு, கை வைக்கும் இடம் இவற்றில் வியர்வை, மோதிரம், சன்ஸ்கிரீன், கொசு விரட்டி எல்லாம் படும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி பெயிண்டையும் சில பிளாஸ்டிக்கையுமே இளக்கும். கார் நிறுவனங்கள் உள்பாகங்களைச் சன்ஸ்கிரீன் தடவிச் சோதிப்பது இதற்காகத்தான். அந்த இடங்களில் வீட்டில் அடித்த ஒற்றைக் கூறு பெயிண்ட் தொழிற்சாலைப் பூச்சுக்கு ஈடாகாது. அங்கே வினைல் ராப் என்ற ஒட்டும் படலத்தை ஒட்டுவதையோ, கருப்பிலேயே வார்த்த துண்டை வாங்கி மாட்டுவதையோதான் நான் முதலில் யோசிப்பேன். இன்னொன்றும் உண்டு: வெளிர் சாம்பல் பிளாஸ்டிக்கில் கருப்பு அடித்தால் ஒவ்வொரு கீறலும் அடியில் இருக்கும் வெளிர் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக்கின் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள அடர் சாம்பலை எடுத்தால் அதே கீறல் அவ்வளவாகத் தெரியாது.

இப்போது உரிந்துகொண்டிருக்கும் அந்தக் கன்சோல் துண்டுக்கு: மேலே இன்னொரு கோட் அடித்துச் சமாளிக்க வேண்டாம். டேப்பையும் நகத்தையும் வைத்து வருவதையெல்லாம் உரித்துவிடுங்கள். இவ்வளவு சுலபமாக வருகிறது என்பதால் மிச்சமும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரஷ் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமாக நிற்கும் திட்டுகளின் ஓரத்தை 400-ல் ஆரம்பித்து 800 வரை தேய்த்து, கை வைத்தால் படி தெரியாதபடி சமமாக்குங்கள். பின்னால் பிபி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கழுவி, ஆல்கஹால் இரட்டைத் துணி, நார்ப்பட்டை, மறுபடி ஆல்கஹால், புரமோட்டர், நிறம் என்ற வரிசையில் போங்கள். முதுகில் சோதனை மூலையை விட்டுவிடாதீர்கள். அந்த எழுத்தையும் டேப் சோதனையில் வந்த கட்டங்களையும் படம் எடுத்து இங்கே போட்டால், மற்றத் துண்டுகளுக்கு எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.